ராகு காலத்தில் நிற்காத வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சேரப்பணஞ்சேரியிலிருந்து கிளம்பினோம். போய்ச் சேர வேண்டியது வாலாஜாபாத்துக்குக் கொஞ்சம் முன்னால் உள்ள ஒரு கிராமம். எங்கள் வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர்கூட வராது. மலையேறியவர்களும் கடல் கடந்தவர்களும் எழுதுகிற இடத்தில் இதையெல்லாம் எழுதலாமா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். ஆனால் போக முப்பது, வர முப்பது என்று கிளம்பிய வண்டி அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் நின்றபோது நூறைத் தாண்டி ஓடியிருந்தது. அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வண்டியில் நாங்கள் இரண்டே பேர். ஓட்டியது நான். பக்கத்தில் என் மாமியார். பின் சீட்டில் ஆட்கள் உட்கார வேண்டிய இடத்தில் புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல், ஒரு தூக்கு நிறையப் பாயசம். நாத்தனார் புவனாவுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. வளையல் அடுக்கி, சாப்பாடு முடித்து, அவளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். என் கணவர் ஏழுமலைதான் ஓட்டி வந்திருக்க வேண்டியவர். அவருக்கு வேலை ஒரகடத்தில், கார் கதவுகள் செய்யும் கம்பெனியில். அந்த மாதம் ஞாயிறும் லைன் ஓடியது. தங்கைக்கு வளைகாப்பு என்று லீவு கேட்டதற்கு, அது பொம்பளைங்க விசேஷம்தானே என்றாராம் சூப்பர்வைசர். ஆகவே, ஒரகடத்தைத் தாண்டி ஒருநாளும் தனியாக ஓட்டிப் பழகாத நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நாலு மீட்டருக்குள் அடங்குகிற சின்ன எஸ்.யூ.வி., டீசல். என் மாமியாருக்கு அது 'ஜீப்பு'. ஏறுவதற்கு உயரம் அதிகம் என்பதால் அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் முக்காலி எப்போதும் பின்னால் கிடக்கும். மழைக்காலத்தில் படப்பைக் கடைத்தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றாலும் கம்பீரமாகப் போகும். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், தென்னங்கன்று, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வாடகை நாற்காலி என்று எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் புறப்படும். எங்கள் வீட்டு ஆண்களைப் போலத்தான்.

டீசலை வாங்கச் சொன்னது என் கணவரோடு வேலை செய்பவர்கள். லைனில் இருந்த அத்தனை பேரும் மைலேஜ், மைலேஜ் என்றார்கள். கார் செய்கிறவர்களே சொல்லும்போது மறுத்துப் பேச நான் யார்? வீட்டிலிருந்து கம்பெனி ஐந்து கிலோமீட்டர். நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடம் படப்பையில், நாலு கிலோமீட்டர். காய்கறி, மருந்துக் கடை, டியூஷன் எல்லாம் அதற்குள்ளேயே. எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிக் குடும்பங்கள் இப்படித்தான். ஊருக்கே கார் செய்து அனுப்பிவிட்டு, எங்கள் காரை இரண்டாம் கியரில் வைத்துக்கொண்டு பிழைக்கிறோம்.

வண்டி வாங்கிய ஐந்தாம் மாதம் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரு பெட்டி, அதற்குள் புள்ளிகள். சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள், புகைபோக்கியில் கரியைப் பிடித்துவைக்க ஒரு ஃபில்டர் இருக்கிறதாம். அது நிறைந்துவிட்டால், வண்டி தன்னைத்தானே சூடேற்றிக் கரியை எரித்துக்கொள்ளுமாம். அதற்கு இருபது நிமிடமாவது அறுபதுக்குக் குறையாமல், நிற்காமல் ஓட வேண்டும். தெருவுக்குத் தெரு நின்று நின்று போகிற வண்டிக்கு அந்தக் கொடுப்பினை கிடைப்பதில்லை. கவனிக்காமல் விட்டால் விளக்கு மினுக்கும். அப்புறம் வண்டி நடைவண்டி வேகத்துக்கு வந்துவிடும். கயிறு கட்டித்தான் இழுத்துப் போக வேண்டும்.

என் மாமியார் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அட, மலச்சிக்கல்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் வண்டிக்குப் பேதி கொடுக்கிற நாள். என் கணவர் ஓட்டுவார், நாங்கள் ஏறிக்கொள்வோம். எந்த ஊருக்கும் போவதில்லை. சும்மா ஓட்டி, விளக்கு அணைந்ததும் திரும்பி வருவோம். அந்த மாதம் ஓவர்டைம் காரணமாக மூன்று ஞாயிறு பேதி தவறிவிட்டது. சனிக்கிழமை மாலை விளக்கு எரிய ஆரம்பித்தது. நாளைக்குத்தான் வாலாஜாபாத் பக்கம் போகிறோமே, போகிற போக்கில் சரியாகிவிடும் என்று நானும் அவரும் பேசிக்கொண்டோம்.

சரியாகவில்லை. ஒரகடத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு டீசல் போட்டேன். முழம் நாற்பது என்று ஐந்து முழம் மல்லி வாங்கினோம். அதன்பிறகு வாலாஜாபாத் சாலை தங்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்பீடாமீட்டர் நாற்பதைத் தொட்டால் பின்னால் பாயசத் தூக்கின் மூடி சத்தம் போட்டது, முன்னால் மாமியார் சத்தம் போட்டார். தயிர் சாதம் தளும்பியது. கடைசியில் முப்பதிலேயே போனேன். எங்களை ஒரு டிராக்டர் முந்திக்கொண்டு போனது.

ஆனால் மெதுவாகப் போனதில் ஒரு லாபம், எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது. வடக்குப்பட்டுப் பக்கம் திரும்பும் இடத்தில் கொரிய மொழியில் ஒரு சாப்பாட்டுக் கடைப் பலகை. அடுத்த கடையில் இந்தியில் செல்போன் ரீசார்ஜ். அதற்கடுத்து, மனை விற்பனைக்கு என்று தமிழில். சாலையோரம் வரிசையாக நின்ற கார் ஏற்றும் நீண்ட லாரிகளுக்கு அடியில் டிரைவர்கள் ஸ்டவ் வைத்துச் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே இரண்டு அடுக்காகப் புத்தம் புதுக் கார்கள், சீட்டில் பாலிதீன்கூடப் பிரிக்காமல். அதில் எந்தக் கதவு என் கணவர் கையில் பட்டது என்று தேடிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. எல்லாக் கதவும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

புவனாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மூன்று வருடம் முன்பு அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்த்தாள். வாலாஜாபாத்திலிருந்து கம்பெனி பஸ். ஒரகடம் வந்து, வல்லம் வழியாக, போக வர தினம் எண்பது கிலோமீட்டர் இருக்கும். கல்யாணமான அடுத்த வருடம் உண்டானாள். மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. இது யார் தவறும் இல்லை, தானாக நடப்பது, பயணத்தால் வருவதில்லை என்று டாக்டரம்மா பலமுறை சொன்னார். ஆனால் துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் பஸ்ஸைப் பற்றியே பேசினார்கள். அந்தப் பேச்சை முதலில் எடுத்தது என் மாமியார். அவர் அதை ஆறுதலாக நினைத்துத்தான் சொன்னார். பஸ்ஸைத் திட்டினால் மகளைத் திட்டியதாக ஆகாது என்பது அவர் கணக்கு. புவனா காதில் அது வேறு மாதிரி விழுந்தது. பஸ்ஸில் ஏறியது அவள்தானே.

வேலையை விட்டுவிட்டாள். இந்த முறை நாள் தள்ளிப்போனதிலிருந்து எந்த வண்டியிலும் ஏற மாட்டேன் என்று இருந்தாள். ஸ்கேனுக்குப் போகும்போதுகூட, ஆட்டோக்காரர் நடக்கிற வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று நிபந்தனை. ராத்திரியில் உட்கார்ந்தே விடிய வைக்கிறாள், தூக்கம் என்பதே இல்லை என்று அவள் மாமியார் போனில் சொல்லி வருத்தப்பட்டார். அவளை இப்போது நான் முப்பது கிலோமீட்டர் அழைத்து வர வேண்டும்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல். புவனாவின் முகத்தில் மட்டும் சிரிப்பு வந்து வந்து போனது. வளையல் அடுக்கும்போதே ஜன்னல் வழியாக எங்கள் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்கு இரண்டாவது ஷிஃப்ட். சாப்பிட்ட கையோடு கம்பெனிக்குக் கிளம்பினார். போகும்போது வண்டியைச் சுற்றிவந்து நாலு டயரையும் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "பாத்துப் போங்க அக்கா" என்றார். சம்பந்தியம்மாவுக்கு நான் ஓட்டுவதில் சம்மதமே இல்லை. ஆம்பிளை யாராவது வந்திருக்கக்கூடாதா, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாமா என்று சுற்றிச் சுற்றி வந்தார். என் மாமியார் பாக்கை மென்று முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எம் மருமவ ஓட்டும் சம்பந்தி. குளிகையில கெளம்பறோம், நல்லதுதான். இதே மாதிரி இன்னொருவாட்டி வளைகாப்புக்கு வரணும் இல்ல?" என்றார். குளிகையில் செய்தது திரும்ப நடக்கும் என்பார்கள். சம்பந்தியம்மா உள்ளே போய் ஒரு தலையணை எடுத்து வந்தார்.

கிளம்பும்போது மணி மூன்றரையைத் தாண்டிவிட்டது. ஞாயிறு நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம். ஆறு மணிக்குத்தான் முடியும். நாலரைக்கு முன் வீட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும். மாமியார் இன்னொரு விதியும் சொன்னார். வளையல் போட்டு அழைத்து வருகிற பெண்ணை ஏற்றிய வண்டி அவள் அம்மா வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும்; நடுவில் எங்கும் இறக்கக்கூடாது. புவனாவைப் பின் சீட்டில் தலையணை வைத்து உட்கார வைத்தோம். பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே தாழ்த்திப் போட்டேன். டாக்டரம்மா அப்படித்தான் சொல்லியிருந்தார். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வழிக்குத் துணையாக வண்டியின் முகப்பில் வேப்பிலைக் கொத்து ஒன்றும் மீந்த மல்லிச் சரமும் கட்டினோம்.

இருபத்தைந்துக்கு மேல் போகவில்லை. ஓரமாகப் போனேன். ஓரம் என்றால் மண்ணும் தாரும் கலந்த இடம். பள்ளம், ஜல்லி, பஸ் நிற்கும் இடத்துக் குண்டும் குழியும் எல்லாம் அங்கேதான். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின்னால் புவனா மூச்சை இழுப்பது கேட்டது. எழிச்சூர் வந்தபோது அந்த மஞ்சள் விளக்கு மினுக்க ஆரம்பித்தது.

வண்டி இங்கே முடங்கினால் வெயிலில், லாரிகளுக்கு நடுவில், ஏழு மாதப் பிள்ளைத்தாச்சியை எங்கே நிறுத்துவது? இறக்கவே கூடாது என்கிறார்கள். அடுத்த ஆட்டோவில் ஏற்றினால் அவள் ஏறுவாளா? ஓட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். இந்த வண்டிக்கு இப்போது அறுபது, எழுபதில் போக வேண்டும். நடுப்பாதை வழவழவென்று இருக்கிறது. வேகமாகப் போனால்தான் குலுக்காது.

"அதெல்லாம் வாணாம். மொள்ள போ. நின்னா நிக்கட்டும்" என்றார் மாமியார்.

கண்ணாடியில் புவனாவைப் பார்த்தேன். அவள் வெளியே, எங்களைத் தாண்டிப் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது.

"அண்ணி" என்றாள். "இப்படிக் குலுங்கிகினு போறதுக்கு அப்படிப் போயிடலாம். நீ ஓட்டு."

வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டேன். இரண்டு லாரிகளைப் போகவிட்டு நடுப்பாதைக்கு வந்தேன். மூன்றாம் கியர், நாலாம் கியர். வண்டி வழக்கம்போல் கொஞ்சம் யோசித்தது. அப்புறம் முதுகை சீட்டோடு அழுத்திக்கொண்டு கிளம்பியது. ஐம்பது. அறுபது. அறுபத்தைந்து. எஞ்சின் சத்தம் மாறி ஒரே சீரான ரீங்காரமாக ஆனது. என் வாழ்க்கையில் அத்தனை வேகத்தில் நானாக ஓட்டியது அதுதான் முதல்முறை. பயமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். ஆனால் பயத்தோடு சேர்ந்து இன்னொன்றும் இருந்தது. இவ்வளவு அகலமான சாலையின் பக்கத்திலேயே பதினாலு வருடம் குடியிருந்துவிட்டு, அதன் ஓரத்தை மட்டும் பயன்படுத்தியிருக்கிறோமே என்று ஆச்சரியமாக இருந்தது.

ஒரகடம் கட்டடங்கள் கண்ணில் பட்டபோது பின்னாலிருந்து சத்தமே இல்லை. பயந்துபோய்க் கண்ணாடியைப் பார்த்தேன். புவனா தலையைச் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள். வளையல் கைகள் இரண்டும் வயிற்றின் மேல் கிடந்தன. மாமியார் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மகள் தலை அவர் தோளில் இருந்தது.

நாலு சாலை சேரும் கூட்ரோடு நெருங்கியது. நேரே போனால் ஐந்து கிலோமீட்டரில் வீடு. ஆனால் மணி நாலரைக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. வாசலில் நிற்கும்போது ராகு காலம் ஆரம்பமாகியிருக்கும். விளக்கும் இன்னும் அணையவில்லை. இடது பக்கம் ஸ்ரீபெரும்புதூர் சாலை. என்ன செய்வது அத்தை என்று மெல்லக் கேட்டேன்.

அவர் மகளைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். எப்போதும் எதற்கும் குரலை உயர்த்திப் பேசுகிறவர், கிசுகிசுத்தார்.

"எத்தினி நாளு தூக்கமோ. எழுப்பாத. ராகு காலம் முடியறவரைக்கும் ஓட்டிகினே இரு. டீசல் கீதா?"

டேங்க் முள்ளைப் பார்த்துவிட்டு, "கீது அத்த" என்றேன். இடது பக்கம் திரும்பினேன்.

இப்படியாக, எந்த ஊருக்கும் போகாத ஒரு பயணம் ஆரம்பித்தது. ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர். இரண்டு பக்கமும் கம்பெனி மதில்கள். ஒரு மதில் முடிவதற்குள் ஒரு பாட்டுப் பாடி முடித்துவிடலாம். மதிலுக்கு வெளியே நட்ட மரங்கள் எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே தேதியில் பிறந்தவைபோல நின்றன. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குத் திரும்பும் வளைவு வந்தபோது மாமியார் உட்கார்ந்தபடியே கும்பிட்டார், தோள் அசையாமல். ஹாஸ்டல்கள் இருக்கும் இடத்தில் வெளிமாநிலப் பெண்கள் கூட்டமாக ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். எல்லார் கையிலும் ஒரே கம்பெனியின் துணிப்பை. ஒரு தள்ளுவண்டியில் மோமோ. பக்கத்தில் இன்னொன்றில் வேகவைத்த வேர்க்கடலை. இரண்டு கடைக்காரர்களும் ஒருவர் கடையில் இன்னொருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

புவனா வேலை பார்த்த கம்பெனியின் கேட்டைத் தாண்டும்போது மாமியார் பக்கம் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் விளக்கு அணைந்தது. சும்மா அணைந்துவிட்டது, மணியும் அடிக்கவில்லை ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு சீட்டியடிக்கலாம்போல இருந்தது. விரலைக் காட்டி, போச்சு என்று மாமியாருக்குச் சைகை செய்தேன். "சுத்தமாப் போச்சா?" என்று அவர் உதடு அசைந்தது. தலையாட்டினேன். குழந்தைக்கு மலச்சிக்கல் தீர்ந்தால் வருகிற நிம்மதி அவர் முகத்தில் வந்தது.

ஸ்ரீபெரும்புதூர் நெரிசல் ஆரம்பிக்கும் முன்பே திருப்பினேன். திரும்ப ஒரகடம் கூட்ரோடு. மேம்பாலத்துக்குக் கீழே போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஹோம்கார்டு எங்களைப் பார்த்தார். மல்லிச் சரமும் வேப்பிலையும் கட்டிய வண்டியை மறக்க முடியுமா? சிக்னலில் நின்றிருந்தபோது கண்ணாடிப் பக்கம் வந்து, "இன்னாம்மா, வழி தெர்லியா?" என்று பலமாகக் கேட்டார். மாமியார் உதட்டில் விரலை வைத்து, புள்ளத்தாச்சி தூங்குது என்று காட்டினார். அவர் குனிந்து புவனாவைப் பார்த்தார். எதிரே வந்த ஷேர் ஆட்டோவைக் கையால் நிறுத்தி எங்களைப் போகச் சொன்னார்.

இப்போது சிங்கப்பெருமாள்கோவில் சாலை. வீட்டிலிருந்து போன் வந்தது. ஆலாத்தி கரைத்து வைத்துக்கொண்டு சின்ன மாமியார் காத்திருக்கிறாராம். மாமியார் கிசுகிசுப்பாக விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. ஆப்பூர் மலை வந்தது. ஒற்றை மலை, உச்சியில் கோயில், அடிவாரத்தில் காப்புக்காடு. கம்பெனிக்கு நிலம் எடுத்தவர்கள் மலையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். வெயில் தாழ்ந்து பாறை மஞ்சளாக இருந்தது. குரங்குகள் சாலைத் தடுப்பில் வரிசையாக உட்கார்ந்து வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தன. பதினாலு வருடத்தில் இந்த மலையை இத்தனை கிட்டத்தில் பார்த்ததில்லை.

சிங்கப்பெருமாள்கோவில் ஊர் தொடங்கும் முன் திருப்பிக்கொண்டு வரும்போது மணி ஐந்தரையைத் தாண்டியிருந்தது. எதிரிலும் பக்கத்திலும் கம்பெனி பஸ்கள் வர ஆரம்பித்தன. ஞாயிறும் ஓடுகிற கம்பெனிகள். ஒரு பஸ் எங்கள் கூடவே கொஞ்ச தூரம் வந்தது. ஜன்னல் ஜன்னலாகச் சாய்ந்த தலைகள். அத்தனை பேரும் தூக்கம். அந்தச் சத்தத்தில் புவனா விழித்துக்கொண்டாள்.

எங்கே இருக்கிறோம் என்று முதலில் அவளுக்குப் புரியவில்லை. வீடு தாண்டிப் போகிறோமா என்று பயந்தாள். நடந்ததைச் சொன்னேன். ஸ்ரீபெரும்புதூர்வரை போய்விட்டு வந்தோம், நீ தூங்கினாய் என்றேன்.

"எங்க கம்பெனி ரோட்லயா?"

"கேட்டத் தாண்டிதான்."

அவள் பக்கத்தில் போன பஸ்ஸைப் பார்த்தாள். அது முந்திக்கொண்டு போகும்வரை பார்த்தாள். பிறகு முன்னால் எட்டி ஸ்பீடாமீட்டரைப் பார்க்க முயன்றாள். என்ன வேகம் என்று கேட்டாள். அறுபத்தைந்து என்றேன். எத்தனை கிலோமீட்டர் ஆச்சு என்றாள். உன் வீட்டிலிருந்து எழுபதுக்கு மேல் என்றேன். அவள் சாய்ந்து உட்கார்ந்தாள். கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். உள்ளே ஏதோ அசைந்திருக்க வேண்டும். அம்மாவின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள்.

"ஒதைக்குது பாரும்மா" என்றாள். அப்புறம், யாரையும் பார்க்காமல் கேட்டாள். "அப்போ அன்னிக்கு அந்த பஸ்ஸு இல்லியாம்மா?"

மாமியார் வைத்த கையை எடுக்கவில்லை. ஒரகடம் கூட்ரோட்டில் அந்த ஹோம்கார்டு மூன்றாம் முறையாக எங்களைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார். நான் மட்டும்தான் பதிலுக்குக் கையசைத்தேன். மூன்று வருடமாக ஒருவரும் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கவில்லை. டாக்டரம்மா சொன்ன பதில் மட்டும் கேட்க ஆளில்லாமல் கிடந்தது.

எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது ஆறு அடித்துச் சில நிமிடம். வீட்டு வாசலில் நிறுத்தினேன். விளக்கு வைத்திருந்தார்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் கடைசியில், எங்கே போனாலும் நம் வீடுபோல வருமா என்பார்கள். எனக்கு அன்று அப்படித் தோன்றவில்லை. வீட்டில் வாசலும் விளக்கும் ஆலாத்தியும் இருந்தன. ஆனால் அவளுக்குத் தூக்கம் வந்தது சாலையில்தான், அந்தக் கேள்வி வந்ததும் சாலையில்தான். பதில் மட்டும் வீட்டிலிருந்து வர வேண்டியிருந்தது.

முக்காலியைப் போட்டேன். புவனா கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். சின்ன மாமியார் ஆலாத்தித் தட்டோடு வந்தார். என் மாமியார் அந்தத் தட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அம்மாவே சுற்றுகிற வழக்கம் இல்லை என்று யாரோ சொன்னார்கள். அவர் காதில் வாங்கவில்லை. மூன்று சுற்று சுற்றி, மகள் நெற்றியில் சிவப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தார். வைத்த விரலை எடுக்காமல் அங்கேயே நின்றார்.

"பஸ்ஸும் இல்ல கண்ணு, நீயும் இல்ல" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. "வலது கால வச்சி உள்ள வா."